பாதிப் பொட்டு

6

“அண்ணே, தலையை உள்ள விட்டு அரை மணி நேரமாச்சு. உசுரோட இருந்தா ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லு. இல்லேன்னா பொணத்துக்கு லைட்டு பிடிச்சவன்னு எனக்குப் பேரு வந்துரும்.”

முத்துராமனுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே இரும்புச் சட்டம், விலாவில் கிளட்ச் பெடல், முகத்தில் முப்பது வருஷத்துத் துரு. அறுபதைத் தொடப்போகிற உடம்பை இப்படி மடித்து வைப்பது அநியாயம் என்று முதுகெலும்பு கணுக் கணுவாக முறையிட்டுக்கொண்டிருந்தது. போலீஸ் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியனாக முப்பத்தோரு வருஷம் குப்புறவும் மல்லாந்தும் கிடந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் சும்மா உட்காரலாம் என்றுதான் வந்தார். வண்டி சம்பந்தப்பட்ட வழக்கென்றால் ஊரில் யாராவது ஒருத்தர் அவர் வாசலில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

டெஸ்ட் லாம்ப்பை நீட்டிப் பிடித்திருந்தவள் இருளாயி. அறந்தாங்கியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். நாற்பத்தைந்து வயசு. செம்புக்கம்பி அறுத்து அறுத்து விரல் நுனியெல்லாம் தழும்பு, நாக்கு நுனியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. முத்துராமனுக்குக் கண் மங்கின நாளிலிருந்து அவருக்கு வண்டியோட்டியும் அவள்தான், கண்ணும் அவள்தான்.

கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஸ்டேஷனின் பின்கட்டு அது. கேஸில் மாட்டிய வண்டிகள் சீமைக்கருவேல நிழலில் வரிசையாக உளுத்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை, காலை பத்தரை. சாயந்தரம் நாலு மணிக்கு எஸ்.ஐ. ரகுநாத் தன் ரிப்போர்ட்டை மேலே அனுப்பிவிடுவார். அனுப்பிவிட்டால் கண்ணன் என்ற டிரைவரின் பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். புதன்கிழமை அவனுக்குக் கத்தாருக்கு விமானம். மூன்று வருஷம் அலைந்து கிடைத்த டிரைவர் வேலை.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை நேரம், கரையில் ஆம்பிளை நடமாட்டம் இல்லை. மீன் வியாபாரி அன்வர் பாட்சாவின் இந்த ஜீப், மணலில் படகு இழுப்பதற்கென்றே வைத்திருக்கும் எண்பத்தெட்டாம் வருஷத்து டீசல் வண்டி, நின்ற இடத்தை விட்டுக் கிளம்பியது. கருவாடு காயப்போடுகிற ஹவ்வா உம்மாளின் இடது காலில் பின் சக்கரம் ஏறியது. அறுபதடி ஊர்ந்து போய் ஒரு பைபர் படகில் முட்டி நின்றது. தொழுகை முடிந்து ஓடி வந்தவர்கள் கண்டது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த கண்ணனை. சாவி அவன் சட்டைப் பையில்.

படகு நிழலில் தூங்கிக்கொண்டிருந்தேன், இன்ஜின் சத்தம் கேட்டு முழித்தேன், ஓடிப்போய் ஏறி நிறுத்தினேன் என்றான் கண்ணன். தானாக எழுந்து போக ஜீப் என்ன எருமைமாடா என்று ஊர் கேட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால், வண்டியைக் கருவாட்டுப் பக்கம் நிறுத்தாதே என்று ஹவ்வா உம்மாள் சத்தம் போட்டபோது, ஒரு நாளைக்கு ஒங்க மேலயே ஏத்திப்புடுறேன் பாருங்க என்று அவன் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். தினமும் பேசுகிற பேச்சுதான். ஆனால் கால் ஒடிந்த பிறகு அது கேலியாக நிற்கவில்லை, சாட்சியாகிவிட்டது.

எல்லாவற்றையும் விட மோசம் அந்தக் கிழவியின் வாக்குமூலம். ஆஸ்பத்திரியில் வலி மருந்து மயக்கத்தில் அவள் சொல்லியதை ஏட்டு ஒருவர் எழுதி வந்திருந்தார். “நான் பெல் அடித்தேன். உடனே எடுத்துவிட்டார்.” இரண்டே வரி. போன் அடித்தாள், அவன் எடுத்தான். ஆக அவன் தூங்கவில்லை, விழித்திருந்தான், தூங்கினேன் என்பது பொய். கண்ணன் போனில் அந்த நேரத்துக்கு எந்த அழைப்பும் இல்லை. அழித்திருப்பான் என்றார் ரகுநாத். கிழவியின் பட்டன் போன் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கிவிட்டது. போன் கம்பெனியிலிருந்து வரவேண்டிய அழைப்புப் பட்டியல் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.

“ஷார்ட் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு,” என்றாள் இருளாயி.

இல்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதற்குத்தான் முத்துராமன் பயந்துகொண்டிருந்தார். பழைய ஜீப்பில், அதுவும் உப்புக்காற்றில் கிடக்கிற ஜீப்பில், ஒரு வயர் தோல் உரிந்து பாடியில் தொட்டு, ஸ்டார்ட்டர் தானாக இழுத்துவிடும். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறார். அது கிடைத்தால் கண்ணன் தப்பித்தான். ஆனால் அடியில் ஓடும் ஒவ்வொரு வயரையும் விரலால் தடவியாயிற்று, லாம்ப்பை வைத்துப் பார்த்தாயிற்று. அழகான வேலை இல்லை. ஆனால் ஒழுங்கான வேலை. உரிந்த இடமெல்லாம் டேப் சுற்றியிருந்தது.

அவர் வெளியே ஊர்ந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து எழுந்தார். முழங்கால் இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டன. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பாட்டரி வயரை மாட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற ரகுநாத்திடம் சாவியைக் கேட்டு வாங்கித் திருகினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் திருகினார். ஒன்றும் இல்லை. ‘டிக்’ என்றுகூடச் சத்தமில்லை.

“சார், சாவி போட்டுத்தான் எடுத்தான்னு எழுதியிருக்கீங்க. இந்த வண்டியைச் சாவி போட்டு எடுக்கவே முடியாது.”

மோதினதில் கெட்டிருக்கலாமே என்றார் ரகுநாத். முப்பத்திரண்டு வயசு, படித்தவர், கெட்டவரில்லை. அவருக்கும் தூக்கம் இல்லாத முகம்தான். முத்துராமன் சாவித் துவாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வயரை இழுத்துக் காட்டினார். ஸ்டார்ட்டருக்குப் போகவேண்டிய வயர், முனை அரித்துப் போய் விழுந்திருந்தது. முனை முழுக்கப் பாசி மாதிரிப் பச்சை. உப்புக்காற்றில் செம்பு இப்படிப் பூக்க மாசக்கணக்காகும். அரித்து அரித்துத் தானாக விழுந்தது, மோதி அறுந்ததில்லை.

அப்புறம் டேஷ்போர்டின் வலது கோடிக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டு முனைகளை இழுத்தார். அதில் செம்பு லேசாகப் பழுப்பேறியிருந்தது. பச்சை ஏறவில்லை.

“அது கிழவி, இது கொழந்தை,” என்றாள் இருளாயி. “ஒரு வாரத்துக் கொழந்தை.”

அவர் இரண்டு முனைகளையும் தொட வைத்தார். பொறி தெறித்தது. ஜீப் ஒரு உலுக்கு உலுக்கி, கரும்புகை கக்கி, ஓட ஆரம்பித்தது. சாவி அவர் மடியில் கிடந்தது. ரகுநாத் இரண்டடி பின்னால் போனார்.

டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்ட் வேண்டியதில்லை, எழுப்பிவிடத்தான் கரண்ட். எழுந்துவிட்டால் நிறுத்துகிற குமிழை இழுக்கிறவரை அது பாட்டுக்கு ஓடும். முத்துராமன் குமிழை இழுத்து நிறுத்திவிட்டு இதைச் சொன்னார். ஹேண்ட்பிரேக் செத்துப்போன வண்டியை மணலில் கியர் போட்டுத்தான் நிறுத்துவார்கள். லோ கியரில் கிடக்கும்போது இந்த வயர் இரண்டும் ஒரு நொடி சேர்ந்தால் போதும், டிரைவர் இல்லாமலே ஊர்ந்து போய்விடும்.

“சேர்ந்தா தானே? யார் சேர்த்தது?” என்றார் ரகுநாத்.

முத்துராமன் வயர் முனைகள் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்கல், பெயின்ட்டில் இரண்டு திருகாணி ஓட்டை மட்டும்தான் தெரிந்தது. இருளாயியைக் கூப்பிட்டு வேறென்ன தெரிகிறது என்று கேட்டார்.

அவள் குனிந்து பார்த்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மீட்டர் மேல் ஒரு பொட்டு, ஸ்டியரிங் நடுவில் ஒரு பொட்டு, பாட்டரிப் பெட்டியில் ஒன்று, பியூஸ் பெட்டியில் ஒன்று. அக்டோபரில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து ஒட்டிப்போனது. வண்டி பாட்சாவுடையது, பூஜை கண்ணனுடையது. பாட்சா தடுக்க மாட்டார், பொரி கடலையை ஒரு கை வாங்கித் தின்றுவிட்டுப் போவார்.

“எல்லாப் பொட்டும் முழுசா இருக்குண்ணே. இங்க மட்டும் பாதிதான். அரைநிலா மாதிரி. ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் ஸ்கேல் வச்சுக் கோடு கிழிச்ச மாதிரி நேரா.”

பொட்டு நேர்கோட்டில் முடியாது. நேர்கோட்டில் முடிந்தால் அங்கே ஏதோ சதுரமாக இருந்திருக்கிறது. பொட்டின் மிச்சப் பாதி அதோடு போயிருக்கிறது. பூஜை அன்றைக்கு இருந்தது, இப்போது இல்லை.

முத்துராமன் திரும்பிப் பார்த்தார். ஸ்டேஷன் சுவரோரம் கண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தினமும் கையெழுத்துப் போட வருகிறவன். பக்கத்தில் அவன் மனைவி செவந்தி, முத்துராமன் வாசலில் வந்து நின்றவள். செங்கல் சூளையில் கல் அறுப்பவள். உள்ளங்கை இரண்டும் செங்கல்லைப் போலவே வெந்திருந்தது.

கண்ணனைக் கூப்பிட்டார். அதட்டவில்லை, அதட்டுகிற தெம்பும் இல்லை.

“பொட்டோட மிச்சம் எங்கடா?”

கண்ணன் டேஷ்போர்டைப் பார்த்தான். செவந்தியைப் பார்த்தான்.

இருளாயி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. வண்டி வேலை பார்க்கிற எவனும் கழற்றின சாமானைக் கடலில் எறிய மாட்டான், செத்த திருகாணியைக்கூடச் சேர்த்து வைக்கிற கூட்டம் என்று சொல்லிக்கொண்டே இடது சீட்டுக்கு அடியில் கைவிட்டு டூல்ஸ் பெட்டியை இழுத்தாள். ஸ்பானருக்கும் அழுக்குத் துணிக்கும் அடியில் கிடந்தது அது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில், வீட்டு வாசலில் வைக்கிற சாதாரணக் காலிங் பெல் சுவிட்ச். சதுர ஓரத்தில் பாதிப் பொட்டு.

டேஷ்போர்டில் பொருத்திப் பார்த்தாள். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே வட்டமானது.

“கல்யாணப் பொருத்தம்கூட இப்படி அமையாது,” என்றாள்.

அதற்கப்புறம் கண்ணன் மறைக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த ஹாரன் பட்டன் உப்பில் செத்துப்போனதால், போன வருஷம் அவன்தான் ஹாரனுக்காக இந்தச் சுவிட்சை வைத்தான். பாட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்திருந்தான், சாவி இல்லாவிட்டாலும் அடிக்கும். விபத்துக்கு முந்தின நாள் சாவியில் வண்டி எடுக்கவில்லை. படகு இழுக்க ஆள் காத்திருந்தது. ஹாரன் வயரைக் கழற்றிவிட்டு, அதே சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டருக்கு ஒரு வயர் கொடுத்தான். இரண்டு நாளைக்குத்தானே என்று. பாட்சாவிடம் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டதாகப் பொய் சொன்னான்.

“சத்தம் கேட்டு ஓடி வந்து வண்டியை நிறுத்துனேன். திரும்பிப் பார்த்தா உம்மா கெடக்காங்க. நம்ம கொடுத்த வயருதான் ஷார்ட் ஆயிருச்சு, நம்மதான் காலை ஒடச்சோம்னு நெனச்சேன். புடுங்கிப் பெட்டியில போட்டுட்டேன்.”

செவந்தி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. தன்னைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டவனை, சரியாக வேகாத கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

முத்துராமன் சுவிட்சை வாங்கி டெஸ்ட் லாம்ப்போடு கோத்து அழுத்தினார், விட்டார். லாம்ப் எரிந்தது, அணைந்தது. நூறு தடவை செய்தாலும் அப்படித்தான். ஸ்பிரிங் புதுசுபோல் இருந்தது. தானாக ஒட்டிக்கொள்ளும் சுவிட்ச் இல்லை இது. யாரோ அழுத்தினால்தான் உண்டு.

அதை ரகுநாத்தும் பார்த்துவிட்டார். வருத்தத்தோடுதான் சொன்னார். இது ஸ்டார்ட்டர் சுவிட்ச் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவன் இவன்தான். வண்டி எடுத்ததும் இவனாகத்தான் இருக்கமுடியும். போதாக்குறைக்குத் தடயத்தைக் கழற்றி ஒளித்தும் வைத்திருக்கிறான். “நீங்க வர்றதுக்கு முன்னாடி இவன் மேல சந்தேகம் இருந்துச்சுங்க. இப்ப சந்தேகமும் இல்ல.”

தோண்டிய கிணற்றில் பூதம். அந்தப் பூதத்தைத் தன் டெஸ்ட் லாம்ப்பாலேயே வெளிச்சம் போட்டுக் காட்டியாயிற்று. முத்துராமன் ஜீப்பின் மட்கார்டில் சாய்ந்து நின்றார். வீட்டில் சும்மா இருந்திருக்கலாம்.

“நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல?” என்றார்.

இருக்கு என்றார் ரகுநாத்.

*

அறந்தாங்கிக்கு இருளாயியின் மொபட்டில் போனார்கள். முக்கால் மணி நேரப் பாதை ஒன்றே கால் மணி நேரம் எடுத்தது. மலையேறுகிற வண்டிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், பாலத்து ஏற்றத்தில் இறங்கி நடக்கிறாரே என்று அவள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்து ஒருத்தியை இடித்திருந்தால் பம்பர் அல்லவா பட்டிருக்கவேண்டும்? ஏறியது பின் சக்கரம். அப்படியென்றால் வண்டி கிளம்பும்போது அவள் முன்னால் இல்லை. பக்கவாட்டில், டிரைவர் சீட்டை ஒட்டி நின்றிருக்கிறாள். கதவே இல்லாத வண்டியின் பக்கத்தில் அவளுக்கு என்ன வேலை?

தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. லிப்ட் இல்லை. படியேறி முடித்தபோது அவருக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டது.

அறை வாசலில் ஒரு நர்ஸ் யாரோ ஒரு பெண்ணிடம் சலித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஹம்னா, ஹவ்வா உம்மாளின் மகள், கையில் கஞ்சித் தூக்கு. ஸ்டேஷனிலிருந்து அனுப்பினார்கள் என்று இருளாயி சொன்னதும் ஹம்னாவின் முகம் இறுகியது. அண்ணன் இப்ராஹிம் யாரையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான், கேஸ் விஷயமே உம்மாவிடம் எடுக்கவில்லை, மனசு ஒடிந்துவிடும் என்றாள். ஐந்து நிமிஷம் போதும் என்றார் முத்துராமன். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தே அவள் இரங்கியிருக்கவேண்டும். நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

நர்ஸ் எதற்குச் சலித்துக்கொள்கிறாள் என்று இருளாயி சும்மா கேட்டு வைத்தாள்.

“அதையேன் கேக்குறீங்க. தலைமாட்டுல பெல்லு இருக்கு. அழுத்துனா நர்ஸ் வருவாங்க. உம்மா அதைத் தொடவே மாட்டேங்கிறாங்க. ராத்திரியெல்லாம் தொண்டை கிழியக் கத்துறாங்க, மத்த ரூம்ல தூங்க முடியலங்குறாங்க.”

முத்துராமன் தலையைத் தூக்கினார்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், சதுரம். அதன்மேல் ஒரு கைக்குட்டையைத் தொங்கவிட்டு மூடியிருந்தார்கள்.

ஹவ்வா உம்மாள் விழித்துத்தான் இருந்தாள். உப்பும் வெயிலும் சேர்த்துச் செய்த முகம். இடது கால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தது. முத்துராமன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேஸ் பற்றிக் கேட்கவில்லை.

“பெல்லைத் தொட்டா என்னக்கா?”

கிழவி கைக்குட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “தொட்டா எடுத்துரும் தம்பி.”

“எது?”

“அதான் அன்னைக்கே அந்தப் போலீஸ்காரத் தம்பிக்கிட்ட சொன்னேனே. பெல்லு அடிச்சேன், எடுத்துருச்சு.”

முத்துராமன் அந்த வார்த்தையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எடுத்துருச்சு. எடுத்தான் இல்லை, எடுத்தார் இல்லை. மனுஷன் எடுத்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வண்டி ஸ்டார்ட் எடுத்தால்தான் எடுத்துருச்சு. எழுதிய ஏட்டு மரியாதை தெரிந்தவர். பேச்சு வழக்கில் எழுதக்கூடாது என்று, மாட்டையும் மரத்தையும் வண்டியையும் குறிக்கிற வார்த்தையை அழகாகத் திருத்தி ‘எடுத்துவிட்டார்’ என்று போட்டுவிட்டார். அந்த ஒரு ‘ஆர்’ கண்ணனைக் கொண்டுபோய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டது. பெல் என்றதும் எல்லோரும் போனைத் தேடினார்கள். அது ஜீப்பிலேயே இருந்தது.

மெல்ல மெல்லக் கேட்டார். அவளும் சொன்னாள். தொழுகை நேரத்தில் மழை தூற ஆரம்பித்தது. கருவாட்டை அள்ளித் தார்ப்பாயில் கட்ட இன்னொரு கை வேண்டும். கண்ணன் எங்கேயோ படுத்துக் கிடக்கிறான். ஜும்மா நடக்கும்போது பொம்பளை கரையில் நின்று கத்தினால் நன்றாயிருக்காது, வண்டி கத்தினால் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வலது இடுப்பில் கூடை. வண்டிக்குள் எட்டி, இடது கையால், எப்போதும் அவனைக் கூப்பிடுகிற அந்தப் பெல்லை அழுத்தினாள். இரண்டு அடி அடித்தால் வந்துவிடுவான்.

“சத்தம் வரல. என்னடா வரலையேன்னு அழுத்திப் பிடிச்சேன். குபுக்குன்னு எடுத்துருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எட்டு நாளாச்சு. அந்தப் பய என்னை ஒரு தடவை வந்து பாக்கல பாருங்க. சாப்பாடு போட்ட கை இது.”

சொல்ல வேண்டியது முத்துராமன் தலையில் விழுந்தது. அவன் ஏன் வரவில்லை, எங்கே உட்கார்ந்திருக்கிறான், புதன்கிழமை என்ன, நாலு மணி என்ன என்று எல்லாவற்றையும் சொன்னார். ஹம்னா குறுக்கே வந்தாள். உம்மா இதை வெளியில் சொன்னால் தன் காலைத் தானே ஒடித்துக்கொண்ட கிழவி என்று கரை முழுக்கச் சிரிக்கும், அண்ணன் முகத்தில் முழிக்க முடியாது என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஹவ்வா உம்மாள் கட்டித் தொங்கவிட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எடுத்தது நானா தம்பி?”

“நீங்களும் எடுக்கல, அவனும் எடுக்கல. எடுத்துருச்சு. நீங்க அன்னைக்கே சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. கேட்ட எங்களுக்குத்தான் காது சரியில்ல.”

அவள் மகள் பக்கம் திரும்பினாள். ஒரு பேப்பர் எடு என்றாள்.

முத்துராமன் ரகுநாத்துக்குப் போன் போட்டார். சாதாரண போன், அவர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், அந்தம்மா கைநாட்டோடு ஒரு மனு வேண்டும், தானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

ஹம்னா எழுதினாள். ‘எடுத்துவிட்டது’ என்று எழுதப்போன இடத்தில் முத்துராமன் கையைத் தடுத்தார். திருத்தாதே தாயி, உங்கம்மா சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்றார். ஒரு தடவை திருத்தினது போதும்.

மூன்றே முக்காலுக்கு ரகுநாத் படியேறி வந்தார், கையில் மைப்பெட்டியோடு. நின்றுகொண்டே மனுவைப் படித்தார். கிழவியிடம் நேராக நான்கு கேள்வி கேட்டார். அவளும் நேராகவே சொன்னாள். பழைய செக்‌ஷன் இனி நிற்காது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கத் தன்னிடம் காரணமில்லை என்றார். ஆனால் கியரில் நிறுத்தி, அப்படி ஒரு சுவிட்சை ஊர் கைக்கு எட்டுகிறாற்போல் விட்டுவைத்தது சும்மா போகாது, அதற்கு அவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். ஆகட்டும் என்றார் முத்துராமன். அதில் அவருக்கு மறுப்பில்லை. அவனும் மறுக்க மாட்டான்.

எஸ்.ஐ. ஜீப்பில் கூடவே வந்திருந்த கண்ணன் வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. செவந்தி அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ஹவ்வா உம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆரனை எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா, கெடாப் பயலே,” என்றாள்.

அவன் கட்டில் காலடியில் போய் நின்றுகொண்டான்.

ரகுநாத் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். ஹம்னா உம்மாவின் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் ஒற்றினாள். அன்றைக்கு அழுத்திப் பிடித்த அதே விரல். பேப்பருக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் கிழவி கையை நிறுத்திவிட்டாள். முத்துராமனைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்ற இருளாயியைப் பார்த்தாள்.

“இதை அழுத்துனா எதுவும் எடுத்துராதுல்ல?”

இருளாயி கட்டிலை ஒட்டி வந்து குனிந்தாள்.

“எடுக்கும்க்கா,” என்றாள். “புதன்கெழமை ஏரோப்பிளேன் எடுக்கும். நல்லா அழுத்திப் பிடிங்க.”